பதினேழில் ஒன்று குறைகிறது

அத்தியாயம் 7

"எரிஞ்சதை எல்லாம் பாத்தாச்சு. மிஞ்சினதைக் காட்டுங்க."

டிகிரி கேட்டேவிட்டாள். கேட்கவே கூடாது என்று துப்பறியும் ஏஜென்சி முதலாளி தலைபாடாக அடித்துக்கொண்ட கேள்வி அது. வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார். "பறிகொடுத்த வீட்டுல போய் என்ன மிஞ்சிச்சுன்னு மட்டும் கேக்காதே. அதுவும் போயிருக்கணுமான்னு திருப்பிக் கேப்பாங்க. உன்கிட்ட பதில் இருக்காது."

முதலாளி சொன்னது அட்சரம் பிசகவில்லை. லாரி ஓட்டும் அண்ணன்காரன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான்.

"ஏன், அதுவும் எரிஞ்சிருக்கணுமா?"

பதில் இல்லைதான். ஆனால் வேறு வழியும் இல்லை. மூன்று நாளாக எரிந்ததைத் துரத்தி அவள் கால் வீங்கியதுதான் மிச்சம். ஏழு பழைய இரும்புக் கடை ஏறி இறங்கியாகிவிட்டது. தேடிய கம்ப்யூட்டர் நசுக்கப்பட்டு, உருகி, இந்நேரம் எந்த வீட்டுக் கதவுக்கோ தாழ்ப்பாளாகப் போயிருக்கும்.

"வண்டியைத் திருப்பி நிறுத்தி வைக்கட்டுமா மேடம்? ஓடுறதுக்கு வசதியா இருக்கும்" என்று அவள் காதோரம் முணுமுணுத்தார் ஒட்டடை.

ஒட்டடை அவளுடைய உதவியாளர். நாற்பத்தெட்டு வயது, ஆறடி இரண்டங்குலம், அதில் சதை எங்கே என்று தேட வேண்டும். முன்பு கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர். கூட்டத்துக்கு மேலே கேமராவைத் தூக்க அவருக்கு ஸ்டூல் தேவைப்பட்டதில்லை. அவளுக்கு ஏஜென்சியில் வைத்த பெயர் டிகிரி. அவள் வீட்டில், அவள் தெருவில், கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அதை ஒருமுறை வாய் தவறிச் சொன்னாள். அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் கேலிக்காகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். மீதிப் பாதியை அவள் நம்புவதில்லை.

"அண்ணே, சும்மா இருங்க" என்றாள் டிகிரி. அண்ணன்காரனிடம் திரும்பினாள். "லைசென்ஸ் ஆபீஸ் லெட்டர் குடுத்திருக்கு. ஒரு தடவை வீட்டைப் பாக்கவும், வேண்டியதை எடுத்துட்டுப் போகவும் எங்களுக்கு உரிமை இருக்கு. இன்னைக்கு நாலு மணிக்கு விசாரணை. இப்ப மணி ரெண்டு."

"எலக்ட்ரீஷியன் ஆளுன்னு வந்துட்டு உரிமை வேற."

"ஆமா. எலக்ட்ரீஷியன் ஆளுதான்."

விஷயம் இதுதான். பத்து நாளைக்கு முன்னால் ஒரு பிற்பகலில் இந்த வீட்டின் மேல் இடி விழுந்தது. மொட்டைமாடி இரும்புக் குழாயைப் பிடித்து இறங்கி, மாடி அறையின் ஜன்னல் கம்பிக்குத் தாவி, திரைச்சீலையைப் பற்றவைத்துவிட்டது. அறை முழுக்கப் புகை. ஆளுக்குச் சேதமில்லை. போனது ஒரு திரை, ஒரு மெத்தை, ஒரு கம்ப்யூட்டர்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் இந்த வீட்டு மகளின் நாலு வருஷ ஆராய்ச்சி இருந்தது.

இடி விழுந்ததற்கு யாரையும் பிடித்து உள்ளே போட முடியாது. ஆனால் கம்ப்யூட்டர் தீயில் எரியவில்லை, வயர் வழியாக எரிந்தது என்றார்கள். அப்படியென்றால் இந்த வீட்டுக்கு எட்டு வருஷம் முன்பு வயரிங் செய்தவர் போட்ட எர்த் சரியில்லை. அண்ணன்காரன் புகார் எழுதினான். ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார், பிளக் பாயிண்டில் செருகியிருந்த வயரைப் பார்த்தார், தலையை ஆட்டினார், போனார். நாலு மணிக்கு எலக்ட்ரீஷியனின் லைசென்ஸைப் பிடுங்கப் போகிறார்கள்.

அந்த மனிதர் ஏஜென்சிக்கு வந்தபோது நாற்காலி நுனியில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். "நான் போட்ட எர்த்து தப்பில்லைம்மா. ஆனா தப்பில்லைன்னு ஆபீஸ் பாஷையில சொல்ல எனக்கு வரல. இருபத்தாறு வருஷம் இந்தக் கைதான் பேசுச்சு." அவ்வளவுதான் சொன்னார். டிகிரியின் அப்பாவும் அப்படித்தான் உட்காருவார், எந்த ஆபீசுக்குப் போனாலும், நுனியில்.

"மிஞ்சினது எல்லாம் இங்கதான் இருக்கு, வாம்மா" என்று கூடத்து மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

வீட்டுப் பெரியவர். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் கறுப்பு ரப்பர் வளையங்கள் வரிசையாகக் கிடந்தன. சைக்கிள் டியூபை விரல் அகலத்துக்கு நறுக்கிய வளையங்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளை பெயின்டில் ஒரு நம்பர்.

"இது என்னங்கய்யா?"

"மேகம் உறுமுற சத்தம் கேட்டா நான் வீட்டுல இருக்கிற எல்லா பிளக்கையும் பிடுங்கிடுவேன். வயரைச் சுத்தி இந்த வளையத்தைப் போட்டு வச்சிடுவேன். பதினேழு பாயிண்ட், பதினேழு வளையம். டிப்போ பழக்கம். வண்டியை விட்டு இறங்குறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் தொட்டுப் பாத்துட்டுத்தான் இறங்குவேன்."

ஃபேன் பக்கத்தில் ரேடியோ, அதன் பக்கத்தில் அயர்ன் பாக்ஸ், அப்பால் டிவி, ஃபிரிட்ஜ். எல்லாம் நன்றாக இருந்தன. எல்லாவற்றின் வயரிலும் சுற்றி வைத்த மடிப்பு இன்னும் இருந்தது.

"எரியுற வீட்டுல பிடுங்கின மட்டும் லாபம்னு சொல்லிக் கேட்டிருக்கேன்" என்றார் ஒட்டடை. "ஒருத்தர் அதைச் சரியாப் புரிஞ்சுக்கிட்டு நடந்ததை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

பெரியவர் சிரிக்கவில்லை. வளையங்களை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். பதினாறில் விரல் நின்றது.

"பதினாலு இல்ல. பாப்பா கம்ப்யூட்டர். பதினாறைப் பிடுங்கினவன் அதை மட்டும் விட்டிருக்கேன். மாடி ஏறினேன், அது நல்லா ஞாபகம் இருக்கு. ஏறி என்ன பண்ணினேன்னுதான்..." நிறுத்தினார். "வயசாச்சும்மா. எலக்ட்ரீஷியன் மேல தப்பில்ல. என் மேலதான். சொன்னா இவன் கேக்க மாட்டேங்கறான்."

"அப்பா" என்றான் அண்ணன்காரன். குரலில் கோபமில்லை, அலுப்புதான். "எத்தனை தடவை. நீங்க மறந்தாலும் எர்த் ஒழுங்கா இருந்தா எரிஞ்சிருக்காதுன்னு அந்த ஆபீசரே சொல்லிட்டாரு." டிகிரியிடம் திரும்பினான். "பத்து நாளா இதேதான். எண்ணுவாரு, கலைப்பாரு, திரும்ப எண்ணுவாரு. ராத்திரி தூக்கம் கிடையாது. போதுமா? மிஞ்சினது இதுதான்."

டிகிரி மாடி ஏறினாள்.

மாடி அறையில் கதவு, சுவர், மேஜை, எல்லாம் ஒரே கறுப்பு. யாரும் துடைக்கவில்லை. விசாரணை முடிகிறவரை வீட்டு ஆட்கள் தொடக்கூடாது என்று ஆபீசர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தூக்கி எறிந்துவிட்ட நனைந்த மெத்தையின் வாடை மூக்கிலேயே தங்கியது. ஜன்னலோரம் மகள் நின்றிருந்தாள். தெருவில் அவளுக்குப் பெயர் டாக்டரம்மா. பட்டம் இன்னும் வரவில்லை, தெரு முந்திக்கொண்டது.

"வயர் அப்படியே இருக்கு, பாருங்க" என்றாள் டாக்டரம்மா. நூறு பேருக்குச் சொல்லித் தேய்ந்த குரல். "கம்ப்யூட்டரை அண்ணன் அன்னைக்கே எடைக்குப் போட்டுட்டான். அதைப் பாத்துப் பாத்து நான் அழுறேன்னு."

பின்னாலேயே ஏறி வந்த அண்ணன்காரன் தலையசைத்தான். அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. லோடு விஷயம். பேசிக்கொண்டே கீழே இறங்கினான்.

ஒட்டடை குனிந்து டிகிரி காதில் சொன்னார். "எடைக்குப் போட்டது அவன். புகார் குடுத்தது அவன். அப்பா சொல்றதைக் காதுல போட்டுக்காததும் அவன். இவ்வளவு வேலையையும் ஒரே ஆளு பாத்தா அதுக்குப் பேரு பாசம் இல்ல மேடம்."

"பாக்கலாம்" என்றாள் டிகிரி. மேஜைக்குக் கீழே மண்டியிட்டாள்.

பிளக் பாயிண்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் துடைத்தாள். கரிக்கு அடியிலிருந்து வெள்ளை பெயின்ட் எட்டிப் பார்த்தது. 14. செருகியிருந்த பிளக்கைப் பிடித்து மெல்ல இழுத்தாள். வந்துவிட்டது. அது இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அண்ணே, உங்க வீட்டுச் சுவத்துல பழைய காலண்டரைக் கழட்டினா அந்த இடம் எப்படி இருக்கும்?"

"பளிச்சுனு சதுரமா இருக்கும். சுவத்துக்கு முன்னொரு காலத்துல என்ன கலர் அடிச்சோம்னு தெரியும்."

"இங்க பாருங்க."

ஒட்டடை மூன்றாக மடிந்து மேஜைக்கடியில் வந்தார். பிளக் மறைத்திருந்த இடம் சுற்றி இருந்த இடத்தைப் போலவே கன்னங்கரேலென்று இருந்தது.

"பிளக் மாட்டியிருந்தா அதுக்கு அடியில கரி எப்படிப் போச்சு?" என்றாள் டிகிரி.

"போகாதே. அப்ப புகை வந்தப்ப பிளக் இங்க இல்ல." சீட்டி அடிக்கப் போய், இடம் பார்த்து வாயை மூடிக்கொண்டார். "புகை அடங்கின அப்புறம் யாரோ சொருகியிருக்காங்க."

டிகிரி வயரை விரித்து இரண்டு கையாலும் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு சாண் கறுப்பு, ஒரு சாண் சாம்பல். மறுபடி கறுப்பு, மறுபடி சாம்பல். நுனி வரைக்கும் அப்படியே.

"அணில் முதுகு" என்றார் ஒட்டடை.

"சுத்தி வச்ச வயர். வெளிய இருந்த பக்கம் கரி படிஞ்சிருக்கு, உள்ள மறைஞ்ச பக்கம் படியல." வயரை மடிப்புகளின் வழியே மறுபடி சுற்றினாள். அது பழகின மாடு போலத் தன் இடத்துக்கே போய்ப் படுத்தது. கறுப்புகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சேர்ந்தன. நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு சுத்தமான பட்டை, சுற்றிலும். "வளையம் இருந்த இடம்."

ஆக, பெரியவர் மறக்கவில்லை. மாடி ஏறினார், பிடுங்கினார், சுற்றினார், வளையம் போட்டார். இடி விழுந்தபோது இந்தக் கம்ப்யூட்டர் எந்த பிளக் பாயிண்டோடும் சேர்ந்திருக்கவில்லை. எரிந்ததாகச் சொன்னது பொய். எர்த்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

டாக்டரம்மா ஜன்னல் பக்கமிருந்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அதிர்ச்சியாவது இருந்திருக்கலாம்.

"உங்க அண்ணன் இதைப் பண்ணியிருப்பாரா?" என்று டிகிரி கேட்டாள்.

"தெரியல."

"உங்க நாலு வருஷ உழைப்பு போயிருக்கு. யாரோ வேணும்னே அழிச்சிருக்காங்கன்னு சொல்றேன். உங்களுக்குக் கோபம் வரலையா?"

"அலுப்பா இருக்கு" என்றாள் டாக்டரம்மா. அந்த வார்த்தை மட்டும் நிஜம்.

"கீழ ஒண்ணு கேட்டேன், உங்ககிட்டயும் கேக்கறேன். இந்த ரூம்ல மிஞ்சினதைக் காட்டுங்க."

டாக்டரம்மா தோளைக் குலுக்கிவிட்டு இரும்பு பீரோவைத் திறந்தாள். உள்ளே கரி போகவில்லை. நாலு துணி, ஒரு குடை, குடையைக் கட்டியிருந்த ஒரு ரப்பர் வளையம், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பலகை, ஆராய்ச்சி நோட்டுகள் ஏழெட்டு. நோட்டுகளையும் ஒரு ரப்பர் வளையம் சேர்த்துப் பிடித்திருந்தது. இந்த வீட்டில் எதைக் கட்டினாலும் அதால்தான் கட்டுவார்கள் போலிருக்கிறது. தினமும் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அது ஒரு பொருளே அல்ல.

டிகிரி செய்தித்தாளைப் பிரித்தாள். பித்தளைப் பெயர்ப் பலகை. மகளின் பெயர், அதற்கு முன்னால் டாக்டர்.

"அப்பா போன வருஷமே செஞ்சு வாங்கிட்டாரு" என்றாள் மகள். "மாட்டுறதுக்கு ஆணி கூட வாங்கி வச்சிருக்காரு."

டிகிரி நோட்டுக் கட்டை எடுத்தாள். வளையத்தை உருவினாள். வெளிப்பக்கம் வெறும் கறுப்பு. உள்பக்கத்தை வெளியே திருப்பினாள்.

வெள்ளை பெயின்டில் 14.

ஒட்டடை போய்க் கதவைச் சாத்தினார். அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

டிகிரி முதல் நோட்டைத் திறந்தாள். பத்துப் பக்கம் நெருக்கமான கையெழுத்து. அப்புறம் தேதி. தேதிக்குக் கீழே வெற்றுப் பக்கம். அடுத்த தேதி, வெற்றுப் பக்கம். இரண்டாவது நோட்டு, மூன்றாவது நோட்டு. தேதி மட்டும் ஒழுங்காக, ஒரு நாள் விடாமல்.

"கம்ப்யூட்டர்ல எதுவுமே இல்ல, இல்லையா?" என்றாள் டிகிரி.

டாக்டரம்மா மெத்தையில்லாத கட்டிலில் உட்கார்ந்தாள். நுனியில்.

"முதல் வருஷம் எழுதினேன். கைடு அதை என் முகத்துல அடிச்ச மாதிரி தூக்கிப் போட்டாரு. 'உங்க வீட்டுல யாராவது படிச்சிருக்காங்களா'ன்னு கேட்டாரு. அதுக்கப்புறம் உக்காந்தா கை வரல. தினமும் தேதி போடுவேன். கீழ இருந்து அப்பா, 'எழுதுறியாம்மா'ம்பாரு. 'எழுதுறேம்ப்பா'ம்பேன்." மூச்சு வாங்கினாள். "அடுத்த மாசம் ஆராய்ச்சியை முழுசா எழுதிக் குடுத்தே ஆகணும். அப்பதான் இடி விழுந்துச்சு. இந்த ரூமைப் பாத்தேன். எல்லாம் கறுப்பா இருந்துச்சு. ஒரு வயரைச் சொருகினா போதும்னு தோணுச்சு. கம்ப்யூட்டரைக் கரியில நல்லாப் புரட்டி வச்சேன். அண்ணன் அழுதுட்டான். அவன்தான் தூக்கிட்டுப் போனான்."

"எலக்ட்ரீஷியன்?"

"அண்ணன் புகார் எழுதுவான்னு நான் நினைக்கல. எழுதின அப்புறம் எப்படி நிறுத்தச் சொல்றது?"

"வாயால."

கீழே அண்ணன்காரன் போனில் லோடுக்காக யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"உங்க வீட்டுல நீங்கதானே முதல் ஆளு?" என்று மகள் திடீரென்று கேட்டாள். "பாத்தாலே தெரியுது. உங்களுக்குப் புரியும். அண்ணன் பத்தாவதோட லாரி ஏறினது எனக்காக. இப்ப போய், நாலு வருஷமா நான் சும்மா உக்காந்திருந்தேன்னு எந்த வாயால சொல்றது? ஒரு லைசென்ஸ்தானே. அவரு வேற வேலை பாத்துக்குவாரு."

டிகிரிக்குப் புரிந்தது. புரிந்த அளவுக்குக் கோபமும் வந்தது. அவளையும் ஒருவர் அதே கேள்வி கேட்டிருக்கிறார், உங்க வீட்டுல யாராவது படிச்சிருக்காங்களா என்று. பரீட்சை பேப்பரில் தேதி மட்டும் எழுதிவிட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்த ஒரு நாள் அவளுக்கும் உண்டு. இந்தப் பெண்ணின் தோளில் கை வைக்கவும் தோன்றியது. கன்னத்தில் வைக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

"நல்லாவே புரியுது" என்றாள். "உங்களுக்குக் கை வரலன்னு ஒருத்தரோட கையை வெட்டியிருக்கீங்க. அவருக்கு அந்தக் கை மட்டும்தான் இருக்கு. படிச்சவ பயத்துக்குப் படிக்காதவன் தலையா? உங்களைக் கேவலமாக் கேட்டாரே அந்த கைடு, அவரும் இதைத்தானே பண்ணினாரு?"

மகளின் முகம் முதல்முறையாக அசைந்தது.

"அதைக்கூட விடுங்க. எலக்ட்ரீஷியன் உங்களுக்கு யாரோ. கீழ ஒருத்தரு பத்து நாளா ரப்பர் வளையத்தை எண்ணிட்டு இருக்காரு. தனக்கு மூளை கழண்டுடுச்சுன்னு நம்ப ஆரம்பிச்சுட்டாரு. தினமும் அவரைத் தாண்டித்தானே போறீங்க, சாப்பிட?"

மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரலிடுக்கில், "ஒரு நாள் டைம் குடுங்க" என்றாள். "நானே சொல்றேன். நாளைக்கு."

"விசாரணை இன்னைக்கு."

சுற்றிய வயரை எடுத்துக்கொண்டாள் டிகிரி. நோட்டுகளைப் பீரோவில் வைத்தாள். பலகையைச் செய்தித்தாளில் பழையபடி சுற்றி அதனிடத்தில் சாத்தினாள். வளையத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டாள். ஒட்டடை கதவை விட்டு விலகி வழிவிட்டார்.

படியில் அவர் குரலைத் தாழ்த்தினார். "வயர் போதும் மேடம், லைசென்ஸ் ஆபீசுக்கு. யாரு சொருகினாங்கன்னு அங்க எவனும் கேக்கப் போறதில்ல. வளையத்தைப் பையில போட்டுட்டா அந்தப் பொண்ணு தப்பிச்சுடும். எலக்ட்ரீஷியனும் தப்பிச்சுடுவாரு. ரெண்டு பேருக்கும் நல்லது."

"மூணாவது ஆளு?"

ஒட்டடை இரண்டு படி இறங்குகிறவரை யோசித்தார். "இந்தத் தொழில்ல உங்களுக்குச் சிநேகிதக்காரங்களே சேர மாட்டாங்க" என்றார். எதிர்த்துச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

கூடத்தில் பெரியவர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தார். டிகிரி அவர் முன்னால் நின்றாள். அவர் விரல் பதிமூன்றைத் தள்ளிவிட்டு, இடம் விட்டு, பதினைந்துக்குப் போகும் நேரம் பார்த்து, அந்த இடத்தில் வளையத்தை வைத்தாள்.

விரல் நின்றது.

"நீங்க மறக்கலைங்கய்யா. பிடுங்கினீங்க, சுத்தினீங்க, வளையமும் போட்டீங்க. மத்த பதினாறு மாதிரியேதான். உங்க ஞாபகத்துல ஒரு குறையும் இல்ல."

பெரியவர் வளையத்தை எடுத்தார். பெயின்டைத் தடவிப் பார்த்தார். அவர் தோள் மெல்ல இறங்கியது, பெரிய ஸ்டியரிங்கை விட்டுக் கையெடுத்த மாதிரி. அப்புறம், முப்பது வருஷம் கண்ணாடியில் பின்னால் பார்த்தே வண்டி ஓட்டிய மனிதர், தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"இது எங்கம்மா இருந்துச்சு?"

"நோட்டைக் கட்டியிருந்துச்சு."

போனை மூடிவிட்டு உள்ளே வந்த அண்ணன்காரன், "எந்த நோட்டு?" என்றான். அவன் அப்பாவைப் பார்த்தான், வளையத்தைப் பார்த்தான், மாடிப்படியைப் பார்த்தான். "எந்த நோட்டுன்னு கேக்கறேன்ல?" இரண்டாம் தடவை குரல் பாதியில் நின்றது.

டிகிரி செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் இறங்கினாள். கேட்டுக்கு வெளியே வெயில் கொளுத்தியது. பத்து நாளைக்கு முன் இடித்த வானமா இது என்று கேட்கத் தோன்றும். ஒட்டடை வண்டியை உதைத்தார். மூன்றாவது உதைக்குக் கிளம்பியது.

"எலக்ட்ரீஷியனுக்குப் போன் போடுங்க அண்ணே" என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "ஆபீஸ் வாசல்ல நிக்கச் சொல்லுங்க. உள்ள போய் நாற்காலியில நல்லாச் சாஞ்சு உக்காரச் சொல்லுங்க. பேசுறதை நான் பேசிக்கறேன்."

வீட்டுக்குள்ளிருந்து பெரியவரின் குரல் கேட்டது. அதட்டல் இல்லை. களைத்த குரல்தான்.

"பாப்பா. கொஞ்சம் கீழ வாம்மா."

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று ஒட்டடை திரும்பிப் பார்த்தார். டிகிரி பார்க்கவில்லை. வயரை மடியில் வைத்து, கரி உதிராதபடி துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.

"போலாம்" என்றாள்.